முள்ளா, கம்பியா, கண்ணாடியா: சென்னைச் சாலைக்கு எந்த சைக்கிள் டயர்?

என் மேசை டிராயரில் ஒரு பழைய மாத்திரை டப்பா இருக்கிறது. இரண்டு வருடமாக என் சைக்கிள் டயரிலிருந்து பிடுங்கிய பொருட்களை அதில் போட்டு வைத்திருக்கிறேன். மொத்தம் 14. தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த கம்பித் துண்டுகள் ஆறு, சீமைக் கருவேல முள் நான்கு, கண்ணாடிச் சில்லு இரண்டு, ஸ்டேப்ளர் பின் ஒன்று, கடைசல் பட்டறையில் விழுகிற இரும்புச் சுருள் ஒன்று.

பஞ்சர் ஆகாத டயர் எது என்று யாராவது கேட்டால் இந்த டப்பாவைத்தான் முதலில் திறந்து காட்டுகிறேன். எதைத் தாங்க வேண்டும் என்று தெரியாமல் டயர் வாங்குவது, என்ன வியாதி என்று தெரியாமல் மருந்து வாங்குவது மாதிரி. கம்பி, முள், கண்ணாடி என்ற மூன்று எதிரிகளையும் எல்லா டயரும் ஒரே மாதிரி தாங்குவதில்லை.

நான் மடிப்பாக்கத்திலிருந்து கிண்டி தொழிற்பேட்டைக்குத் தினமும் சைக்கிளில் போய் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈ.சி.ஆரில் முட்டுக்காடு வரை. அந்த இரண்டு பாதைகளும் கொடுத்தவைதான் டப்பாவில் இருப்பவை.

கம்பியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதைப் பற்றித்தான் பலருக்குத் தெரிவதில்லை. லாரி, பஸ் ரேடியல் டயர்களுக்குள் எஃகுக் கம்பிப் பின்னல் இருக்கிறது. டயர் வெடித்துக் கிழியும்போது அந்தக் கம்பிகள் துண்டு துண்டாகச் சாலையில் சிதறுகின்றன. ஜி.எஸ்.டி. சாலை, பைபாஸ், மணலி, எண்ணூர், மாதவரம் என்று கனரக வண்டி ஓடுகிற இடமெல்லாம் இது உண்டு. கண்ணுக்குத் தெரியாது. டயருக்குள் ஏறி, சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே நகர்ந்து, ஒருநாள் டியூப்பைத் தொடும். காற்று மெதுவாக இறங்கும். காலையில் பார்த்தால் தட்டையாக நிற்கும்.

முள் வேறு வகை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய சாலைகளிலும் ஈ.சி.ஆர். ஓரங்களிலும் சீமைக் கருவேலம் புதராக வளர்ந்து கிடக்கிறது. வெட்டிப் போட்ட கிளை காய்ந்து, அதன் முள் சாலையில் உருளும். நீளமானது, விறைப்பானது, நேராக ஏறும். காலி மனை வழியாகக் குறுக்குப் பாதையில் போகிறவர்களுக்கு நெருஞ்சியும் உண்டு. அதன் காய் காய்ந்தால் ஐந்தாகப் பிரியும். எப்படி விழுந்தாலும் ஏதோ ஒரு முள் மேலே பார்த்தபடி நிற்கும்.

கண்ணாடி குத்துவதில்லை, அறுக்கிறது. மழைக்காலத்தில் இது மோசம். ஈரமான ரப்பரில் கண்ணாடி வழுக்கிக்கொண்டு எளிதாக இறங்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழைத்தண்ணீர் சாலையில் கிடக்கிற எல்லாவற்றையும் அடித்துக்கொண்டுபோய் இடது ஓரத்தில் சேர்க்கிறது. நாம் ஓட்டுகிற இடமும் அதுதான்.

நான்காவதாக ஒன்று உண்டு, அதற்கு டப்பாவில் சாட்சி கிடையாது. காற்று குறைவாக இருக்கும்போது பள்ளத்திலோ, வண்ணம் பூசாத வேகத்தடையிலோ ஏறி இறங்கினால், டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்தது போலப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். எந்த விலையுயர்ந்த டயரும் இதைத் தடுக்காது. தடுப்பது வாரம் ஒருமுறை காற்று பார்ப்பதுதான். டயரின் பக்கவாட்டில் குறைந்தது இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று அழுத்தம் அச்சிட்டிருப்பார்கள். அந்த இரண்டுக்கும் நடுவே, உங்கள் எடைக்கு ஏற்ப வைத்துக்கொள்ளுங்கள். புதிய டயர் வாங்க யோசிப்பவர்களில் சிலருக்கு, அழுத்தமானியுள்ள ஒரு நல்ல பம்பு வாங்கினாலே பிரச்சினை தீர்ந்துவிடும். இதை நான் முழு நம்பிக்கையோடு சொல்கிறேன்.

இனி டயர்கள்.

சாதாரண உள்ளூர் டயர், சில நூறு ரூபாய் வகை, ரப்பரும் நைலான் துணியும் மட்டும் கொண்டது. இதைக் குறைவாக எண்ண வேண்டாம். தெருவுக்குள்ளும் பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் ஓடுகிற சைக்கிளுக்கு இது போதும். எங்கும் கிடைக்கும், கையாலேயே கழற்றி மாட்டலாம். தேய்ந்த பிறகும் ஓட்டுவதுதான் தவறு. பின் டயரின் நடுப்பகுதி வழவழப்பாகித் துணியின் இழை தெரிய ஆரம்பித்தால், ஒரு மாதத்தில் நாலு பஞ்சர் வரும். அப்போது பஞ்சர் தாங்கும் டயர் என்று தேடி அலைய வேண்டாம், புதுச் சாதாரண டயரே பெரிய முன்னேற்றமாகத் தெரியும்.

அடுத்தது, தரையைத் தொடும் ரப்பருக்கு அடியில் ஒரு பாதுகாப்புப் பட்டை வைத்த டயர். இதில்தான் விளம்பரம் அதிகம், குழப்பமும் அதிகம். பட்டை இரண்டு விதம். ஒன்று நெய்த பட்டை. கெவ்லர் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1965இல் டூபான்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவோலெக் கண்டுபிடித்த இழை அது, குண்டு துளைக்காத சட்டைக்குப் பயன்படுவது. அந்த அராமிட் குடும்ப இழைகளாலோ அடர்த்தியான நைலான், பாலியெஸ்டர் இழைகளாலோ நெய்தது இந்தப் பட்டை. கான்டினென்டல் நிறுவனத்தின் கேட்டர்ஸ்கின் இந்த வகை. கண்ணாடியை நன்றாகத் தாங்கும், ஏனென்றால் இழை அறுபடாது. எடையும் குறைவு. ஆனால் துணி துணிதான். ஊசி போன்ற கம்பி இழைகளுக்கு நடுவே வழி கண்டுபிடித்து நுழைந்துவிடும். குண்டையே தாங்குகிற இழை முள்ளைத் தாங்காதா என்று நானும் நினைத்திருந்தேன். முள் குண்டைவிட மெல்லியது, சிக்கல் அங்கேதான்.

இன்னொன்று, நெய்யாத, தடித்த ரப்பர்ப் பட்டை. ஜெர்மனியின் ஷ்வால்பே நிறுவனத்தின் மாரத்தான் டயரில் 3 மில்லிமீட்டர், மாரத்தான் பிளஸ் டயரில் 5 மில்லிமீட்டர். இதன் வேலை அறுபடாமல் இருப்பதல்ல, தூரத்தைக் கூட்டுவது. முள்ளோ கம்பியோ உள்ளே ஏறினாலும் அதன் நுனி டியூப்பை எட்டாது. கம்பிக்கும் கருவேல முள்ளுக்கும் நான் பார்த்தவரையில் இதைவிட நல்ல மருந்து இல்லை. அதற்கான விலை பணம் மட்டுமல்ல. மாரத்தான் பிளஸ், அகலத்தைப் பொறுத்து, ஒரு டயரே ஒரு கிலோவை நெருங்கும். சிக்னலில் நின்று கிளம்பும்போதெல்லாம் அந்த எடை தெரியும். ஆனால் சென்னை தட்டையான ஊர். மலை ஏறுகிறவர்களுக்கு வலிக்கிற அளவு நமக்கு வலிக்காது. கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது ஒரு நிமிடம் கூடுதலாக மூச்சு வாங்கும், அவ்வளவுதான்.

உண்மையான விலை வேறிடத்தில் இருக்கிறது, கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. தடித்த டயர் விறைப்பானது. ரிம்மிலிருந்து கழற்றுவதும் திரும்ப மாட்டுவதும் கஷ்டம். எந்த டயரும் நூறு சதவீதம் தாங்காது, என்றைக்காவது ஒருநாள் பஞ்சர் ஆகும். அன்றைக்கு இரவு ஒன்பது மணிக்கு, வேளச்சேரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், உங்கள் கைக்கு அந்த டயர் கழலாவிட்டால், பஞ்சரே ஆகாத டயர் என்று நம்பி வாங்கியதுதான் உங்களை நடக்க வைக்கும். எனக்கு இது நடந்திருக்கிறது. டயரை நெம்பிக் கழற்றும் லீவர் இரண்டை உடைத்துவிட்டு, மடிப்பாக்கம் வரை தள்ளிக்கொண்டே வந்தேன். அதனால் டயர் எவ்வளவு தாங்கும் என்பதோடு, என்னால் அதைக் கழற்ற முடியுமா என்பதையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். வாங்கிய அன்றே வீட்டில் இரண்டு முறை கழற்றி மாட்டிப் பாருங்கள். முடியவில்லை என்றால் ஒரு படி மெல்லிய டயருக்கு மாறுங்கள்.

எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே டயர் போட வேண்டியதில்லை என்பது நான் தாமதமாகப் புரிந்துகொண்டது. பஞ்சர் பெரும்பாலும் பின் சக்கரத்தில்தான் வருகிறது. நம் எடை அங்கேதான் இருக்கிறது. தவிர, படுத்துக் கிடக்கிற கம்பியை முன் சக்கரம் புரட்டி நிமிர்த்திவிட, பின் சக்கரம் வந்து வாங்கிக்கொள்கிறது. டப்பாவில் இருக்கும் 14இல் 11 பின் டயரிலிருந்து எடுத்தவை. இப்போது என் சைக்கிளில் பின்னால் 5 மில்லிமீட்டர் பட்டை, முன்னால் 3 மில்லிமீட்டர். செலவைக் குறைக்க வேண்டுமானால் பின்னால் மட்டும் நல்ல டயர், முன்னால் உள்ளூர் டயர் என்று வைத்துக்கொள்வதில் எந்தத் தவறும் இல்லை.

டயரை மாற்றாமல் வேறு வழிகளும் உண்டு. டியூப்புக்குள் ஊற்றுகிற பச்சை நிற அடைப்பு திரவம் சின்ன முள் ஓட்டைகளை ஓடும்போதே அடைத்துவிடும். பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிளுக்கு நல்ல தேர்வு. ஆனால் அது அடைக்க முடியாத ஓட்டை விழுந்தால், திரவம் கசிந்து பஞ்சர் பசையான சொல்யூஷன் ஒட்டவே ஒட்டாது, டியூப்பையே மாற்ற வேண்டியிருக்கும். டயருக்கும் டியூப்புக்கும் நடுவே வைக்கிற பிளாஸ்டிக் பட்டை மலிவு, வேலையும் செய்கிறது. அதன் முனைகள்தான் பிரச்சினை. மாதக்கணக்கில் உராய்ந்து டியூப்பை அதுவே தேய்த்து ஓட்டை போடும். வைப்பதானால் இரு முனைகளையும் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டு வையுங்கள். டியூப்லெஸ், அதற்கென்று செய்த ரிம் உள்ளவர்களுக்கு மட்டும். உள்ளே ஊற்றும் திரவம் நம் ஊர் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடுவதால் சில மாதங்களுக்கு ஒருமுறை புதிதாக ஊற்ற வேண்டும், அந்தப் பொறுமை உள்ளவர்கள் போகலாம். காற்றே இல்லாத கெட்டி டயரை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வாடகை சைக்கிளுக்குச் சரி. தினமும் ஓட்டினால் ஒவ்வொரு பள்ளமும் மணிக்கட்டிலும் போக்ஸ் கம்பியிலும் இறங்கும். 1888இல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்று டயர் செய்து கொடுத்ததே இந்தக் குலுக்கலைத் தாங்க முடியாமல்தான். அந்தப் பெயரில் நடந்த தொழிற்சாலையின் நினைவாக அம்பத்தூரில் இன்னும் ஒரு பஸ் ஸ்டாப் இருக்கிறது.

கடைக்குப் போகும் முன் அளவைப் பார்த்துவிடுங்கள். 26 இஞ்ச் என்று மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். அந்த ஒரே பெயரில் பல வேறு அளவுகள் உண்டு. டயரின் பக்கவாட்டில் 47-559 என்பது போல ஒரு எண் இருக்கும். பின்னால் வருவது டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். அது பொருந்தியே ஆக வேண்டும். மலை சைக்கிள் 26 இஞ்ச் என்றால் 559, 27.5 என்றால் 584, ஹைபிரிடின் 700சியும் 29 இஞ்சும் 622. அப்பா காலத்து 28 இஞ்ச் கறுப்பு சைக்கிள் 635. அந்த 635 அளவில் தடித்த பட்டை வைத்த டயரை ரத்தன் பஜார் கடைகளில் நான் கேட்டபோது கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட சைக்கிளுக்கு நல்ல உள்ளூர் டயரும், முனை தேய்த்த பிளாஸ்டிக் உள்பட்டையும்தான் என் யோசனை.

இப்போது கைவேலை. நான் கற்றுக்கொண்டது எங்கள் தெருமுனைப் பஞ்சர் கடை அண்ணனிடம். முன்பெல்லாம் தெருவுக்கு ஒரு கடை இருந்தது. இப்போது பல கடைகள் பைக், ஸ்கூட்டர் டியூப்லெஸ் டயருக்கு மாறிவிட்டன, சைக்கிள் என்றால் தயங்குகிறார்கள். நாமே கற்றுக்கொள்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

அண்ணனிடம் நான் முதலில் கவனித்தது, அவர் சக்கரத்தைக் கழற்றவே இல்லை. சைக்கிளைச் சாய்த்து, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் ரிம்மிலிருந்து வெளியே எடுத்து, டியூப்பைப் பக்கவாட்டில் இழுத்து, காற்றடித்து, தண்ணீர்ச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கிப் பார்த்தார். குமிழ் வந்த இடத்தில் ஒட்டிவிட்டு அப்படியே உள்ளே தள்ளினார். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துப் பின் சக்கரத்தையும் செயினையும் நினைத்துப் பயந்துகொண்டிருந்த எனக்கு அந்த ஒரு காட்சியிலேயே பாதி பயம் போய்விட்டது. டியூப்பையே மாற்றுவதானால்தான் சக்கரத்தைக் கழற்ற வேண்டும்.

ஒட்டுவதில் எல்லோரும் சறுக்குகிற இடம் அவசரம். ஓட்டையைச் சுற்றி, பேட்ச் அளவைவிடப் பெரிதாக உப்புத்தாளால் தேய்த்து, மினுமினுப்பு போன பிறகு சொல்யூஷனை மெல்லியதாகத் தடவ வேண்டும். தடவியதும் ஒட்டக் கூடாது. விரலால் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயும்வரை, நாலைந்து நிமிடம், விட்டுவிட வேண்டும். வாயால் ஊதவும் கூடாது, மூச்சின் ஈரம் அதில் படியும். அப்புறம் பேட்சை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்க்க வேண்டும். சொல்யூஷன் தேவைப்படாத ஸ்டிக்கர் பேட்ச்களை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நின்ற சைக்கிளில் அவை ஓரம் பிரிந்ததை நான் இருமுறை பார்த்துவிட்டேன்.

ஒட்டுவதைவிட முக்கியமானது, ஏன் ஆனது என்று கண்டுபிடிப்பது. டயரை மாட்டும்போதே அதன் பெயர் அச்சிட்ட இடம் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டினால், டியூப்பில் ஓட்டை எங்கே இருக்கிறதோ, அதை வைத்து டயரில் எந்த இடத்தில் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும். அங்கே டயரின் உள்பக்கத்தைப் பழைய பனியன் துணியால் தடவுங்கள். கம்பி இருந்தால் துணி மாட்டும். விரலால் தடவினால் விரல் கிழியும். குத்திய பொருளை எடுக்காமல் டியூப்பை ஒட்டினால், அதே ஓட்டை அரை மணி நேரத்தில் திரும்ப வரும்.

ஒருமுறை எனக்குப் பத்து நாளில் மூன்று பஞ்சர் ஆனது. டயரில் ஒன்றுமே இல்லை. மூன்று ஓட்டையும் டியூப்பின் உள்பக்கம், அதாவது ரிம் பக்கம் இருந்ததை மூன்றாவது முறைதான் கவனித்தேன். சர்வீஸுக்கு விட்ட இடத்தில், ரிம்மின் போக்ஸ் துளைகளை மூடுகிற ரிம் டேப்பைக் கோணலாக மாட்டியிருந்தார்கள், போக்ஸ் துளையின் விளிம்பு டியூப்பை அறுத்திருக்கிறது. அன்று நான் ஆயிரக்கணக்கில் கொடுத்து டயர் வாங்கியிருந்தாலும் நாலாவது பஞ்சர் வந்தே இருக்கும்.

திரும்ப மாட்டும்போது டியூப்பில் உருவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று இருக்கட்டும். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, வால்வு இருக்கும் இடத்தில் முடியுங்கள். கடைசி ஒரு சாண் ஏறாமல் இறுகி நிற்கும். அங்கே லீவரைப் போட்டு நெம்பினால் டியூப் நசுங்கிப் புது ஓட்டை விழும். அதற்குப் பதில் எதிர்ப்பக்கத்திலிருந்து டயரின் விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் பிசைந்து தள்ளிக்கொண்டே வந்தால் இந்தப் பக்கம் இளகும். தடித்த டயரைக்கூட இப்படித்தான் கையாலேயே மாட்டுகிறேன்.

பையில் என்ன வைப்பது? சரியான அளவில் ஒரு மாற்று டியூப், பிளாஸ்டிக் லீவர் மூன்று, திறக்காத சொல்யூஷன், உப்புத்தாள், பேட்ச், கைப்பம்பு. ஒருமுறை திறந்த சொல்யூஷன் சில மாதங்களில் உள்ளேயே காய்ந்துவிடும், அதை வீட்டு உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் டியூப்பை மாற்றிவிட்டு, ஓட்டையானதை வீட்டுக்கு வந்து நிதானமாக ஒட்டுவதே நல்லது. உங்கள் சைக்கிளில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருந்தால், பைக் வால்வு அளவுக்கு மாற்றும் சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றையும் போட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பெட்ரோல் பங்கில் காற்று பிடிக்க முடியாது.

யாருக்கு எது? தெருவுக்குள் ஓட்டுகிறவர்கள் நல்ல உள்ளூர் டயரும் பம்பும் வாங்கி, ஒட்டக் கற்றுக்கொண்டால் போதும். ஈ.சி.ஆரில் வேகமாக ஓட்டுகிற மெல்லிய டயர்க்காரர்களுக்கு நெய்த பட்டை. என்னைப் போலத் தொழிற்பேட்டை, பெருஞ்சாலை வழியாக வேலைக்குப் போகிறவர்களுக்குப் பின்னால் மட்டுமாவது தடித்த ரப்பர்ப் பட்டை. பழைய மகாபலிபுரம் சாலையான ஓ.எம்.ஆரில் இரவுப் பணி முடித்துத் தனியாகத் திரும்புகிற என் தோழி ஒருவர் இரண்டு சக்கரத்துக்கும் 5 மில்லிமீட்டர் போட்டிருக்கிறார். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் இருபது நிமிடம் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டச் சொல்லி அவரிடம் நான் எப்படிச் சொல்வேன்? அவருக்கு அந்த எடையும் செலவும் நியாயம்தான். உணவு டெலிவரிக்கு சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் அதையே சொல்வேன். நின்றுபோகிற ஒவ்வொரு அரை மணி நேரமும் அவர்களுக்குக் கூலி நஷ்டம்.

புதுசு மாட்டிய பிறகு பழைய டயரைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, ஓரங்களைத் தேய்த்து, பேட்ச் டப்பாவோடு வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி டயரையே கிழித்துவிட்டால், அந்தத் துண்டைக் கிழிசலுக்கு உள்பக்கம் வைத்துக் காற்றைக் கொஞ்சம் குறைவாக அடித்தால் வீடு வந்து சேரலாம்.